பொந்து வாசலில் பதினான்கு நிமிடம்

நெட்டைக் கால் நாய்க்குட்டியை ஒரு வயது ஆகும்வரை மாடிப்படி ஏறவிடக் கூடாது. மூட்டு கெட்டுவிடும். இதை யார்யாரிடமோ சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கேட்பதாயில்லை. சோபாவில் தூக்கிவைத்துக் கொஞ்சுகிறார்கள், அப்புறம் நொண்டுகிறதே என்று மிருக வைத்தியரிடம் ஓடுகிறார்கள். ஜெஸ் என் வீட்டுக்கு வந்தபோது எட்டு வாரக் குட்டி. படிக்கட்டின் அடியில் பலகை வைத்து அடைத்தேன். ஒரு வருடம் நானே அந்தப் பலகையைத் தாண்டித்தான் படுக்கப் போனேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

ஜெஸ் ஒரு லர்ச்சர். வேட்டை நாயின் காலும் ஆட்டு நாயின் மூளையும் சேர்ந்த கலப்பு. நீங்கள் லீட்ஸ் நகரத்து ஆள், முயல் வேட்டை பழக்கமிருக்காது. ஃபெரெட் என்று ஒரு பிராணி, கீரிப்பிள்ளைக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதை முயல் பொந்துக்குள் விடுவோம். உள்ளே இருக்கும் முயல்கள் அலறியடித்து வெளியே பாயும். பொந்து வாசல்களில் வலை போட்டிருப்போம். வலைக்குத் தப்பியதை நாய் பிடிக்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நாயைப் பழக்குவது இருக்கிறதே, அதற்கு ஒன்றரை வருடமும் ஒரு மனுஷனின் முழுப் பொறுமையும் வேண்டும்.

முதலில் நாய்க்கும் ஃபெரெட்டுக்கும் சிநேகம் பண்ணிவைக்க வேண்டும். ஒரே தட்டில் பால் வைத்தேன். என் வெள்ளைப் பெட்டை ஃபெரெட் ஜெஸ்ஸின் மூக்கைக் கடித்துத் தொங்கியது. ஜெஸ் என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசாமல் இருந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் என் ஜாதி என்று. நான் அவளை ஒருநாள்கூட அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. உயிர்களிடம் குரூரமாக நடப்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

அடுத்தது, பொந்து பார்த்துச் சொல்வது. நல்ல நாய் ஒவ்வொரு பொந்தாக மோந்துகொண்டே போகும். உள்ளே உயிர் இருந்தால் நிற்கும். தலையைச் சாய்த்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி, சிலையாக நிற்கும். ஒன்றும் இல்லையென்றால் கடந்து போய்விடும். காலிப் பொந்தில் நிற்கிற நாயைப் பொய் நாய் என்போம். எங்கள் பக்கம் நாய்க்கு அதைவிடக் கேவலமான பட்டம் கிடையாது. பொய் நாய் வைத்திருப்பவனை யாரும் கூட்டு வேட்டைக்குக் கூப்பிட மாட்டார்கள். நாய் நிற்கும்போது ஆட்கள் அசையக் கூடாது, பேசக் கூடாது, கிட்டே போய்ப் பதற்றம் காட்டக் கூடாது. முதல் வேட்டைப் பருவத்தில் அந்த நிதானத்தைக் கலைத்துவிட்டால் நாய் அதோடு போச்சு. ஜெஸ்ஸை எண்பது பொந்துகளுக்கு மேல் சோதித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் தவறியதில்லை.

இப்போது நெவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெவில் கிராக் என் தங்கை பிரெண்டாவின் புருஷன். ஜெஸ் அவனுடைய பெட்டை நாய் போட்ட குட்டி. குட்டி நிறையப் போட்டால் தெரிந்தவர்கள் வீட்டில் வளர்க்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். நாய் சொந்தக்காரனுடையதுதான், கேட்டால் திருப்பித் தர வேண்டும். ஆனால் நாகரிகம் தெரிந்தவன் எவனும் கேட்பதில்லை. வளர்த்தவனிடமே விட்டுவிடுவான். நெவிலுக்கும் நாகரிகத்துக்கும் பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

புது வருடம் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாட்டு ரோஸ்டும் பட்டாணியும் பரிமாறிக்கொண்டிருந்தாள். நெவில் வாயில் கறியோடு விஷயத்தைச் சொன்னான். மாதக் கடைசியில் ஜெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். தெற்கே சமவெளியில் அவனுடைய சகாக்கள் ராத்திரி விளக்கடித்துக் காட்டு முயலை விரட்டுவார்கள், சட்டத்துக்கு விரோதமாகத்தான். அதில் ஓடவிடப் போகிறானாம். அந்த ஓட்டத்தில் நாய்கள் முள்கம்பியில் வயிறு கிழிந்து சாகும், வேலிக் கட்டையில் மோதிக் கழுத்து முறியும். ஒரு பருவம் தாண்டினால் அதிர்ஷ்டம்.

"இன்னும் ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"ஓடத்தான் மச்சான் அது பொறந்திருக்கு. நீ அதப் பொந்து வாசல்ல நிக்கவச்சு வாட்ச்மேன் ஆக்கிட்ட" என்றான். பிரெண்டா சிரித்துவிட்டாள். பிறகு எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள். நான் நன்றி சொல்லிச் சாப்பிட்டேன். நெவில் குழம்பு கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் சண்டை போடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை சேர்ந்து போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பண்ணை, அதற்குப் பின்னால் ஒரு பழைய மணல் குவாரி. இரண்டு வாரம் உறைபனி, அன்றைக்குத்தான் இளகியிருந்தது. மணல் மேடு முழுக்கப் பொந்து. ஜெஸ் நின்றாள், வலை போட்டோம், வெள்ளை ஃபெரெட்டை விட்டோம். மூன்று முயல் விழுந்தது. அதற்கப்புறம் ஃபெரெட் வெளியே வரவில்லை. உள்ளேயே ஒன்றைக் கொன்றுவிட்டு அதன் பக்கத்தில் படுத்துவிடும், அப்படி ஒரு குணம் அதற்கு. தோண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்காகவே ஃபெரெட்டின் கழுத்தில் சமிக்ஞை அனுப்பும் ஒரு பட்டை, நம் கையில் அதைக் கேட்கிற ஒரு பெட்டி. கிட்டே போகப் போகப் பெட்டியில் டிக் டிக் சத்தம் கூடும். கல்குவாரி வேலையில் வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டு நெவிலுக்குக் காது மந்தம், அதனால் பெட்டி எப்போதும் என் கையில்தான்.

மேட்டுக்கு மேலே நின்றபோது சத்தம் அதிகமாகக் கேட்டது. முழங்கால் ஆழம்தான் இருக்கும். நான் கீழே இறங்கி, மேடு வெளியே துருத்திக்கொண்டிருந்த இடத்துக்கு அடியில் கைகாட்டி, "இங்கதான், நாலடி உள்ள" என்றேன். அந்தப் பெட்டியில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கடைக்காரரே சொல்லித்தான் விற்கிறார்.

நெவில் நல்ல உழைப்பாளி, அதை மறுக்க மாட்டேன். அரைமணி நேரம் குடைந்தான். இடுப்புவரை உள்ளே நுழைந்து, கையை நீட்டித் துழாவினான். "இன்னும் உள்ளயா மச்சான்?" என்று கேட்டான். இன்னும் உள்ளேதான் என்றேன். நான் அதற்குள் மேலே ஏறியிருந்தேன். குளிரில் கால் மரத்துவிட்டிருந்தது. நாலைந்து தடவை உதறினேன், கொஞ்சம் பலமாகவே. மேடு சரிந்து இறங்கிவிட்டது.

அவன் பூட்ஸ்கூடத் தெரியவில்லை. ஒரு வண்டி மணல். வெள்ளை ஃபெரெட் மேல் பொந்திலிருந்து தானாக வெளியே வந்து முகம் கழுவ ஆரம்பித்தது. அதைத் தூக்கி அதன் மரப்பெட்டியில் போட்டு மூடினேன்.

அப்போதுதான் ஜெஸ் நடந்து வந்தாள். மணலை மோந்தாள். நின்றாள். தலை சாய்ந்தது, முன்னங்கால் உயர்ந்தது. அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் நின்றதில்லை. மண்வெட்டி என் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை ஏன் எடுக்கவில்லை என்றுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாய் நிற்கும்போது ஆட்கள் அசையக் கூடாது என்று முன்னாலேயே சொன்னேன். அதுவும் அவளுக்கு இது முதல் பருவம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

பதினொன்று முப்பத்து நான்குக்கு அவள் காலைக் கீழே வைத்தாள். திரும்பி என்னிடம் வந்து என் தொடையில் சாய்ந்துகொண்டாள். காலிப் பொந்தைக் கடந்து வருவாளே, அதே மாதிரி. அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பண்ணை வீட்டுக்குப் போய் உதவி கேட்டேன். கதவைத் திறந்த பண்ணைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டாள்.

எல்லாரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். மணலின் பாரத்தில் அந்தக் கணமே உயிர் போயிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். விபத்து என்று முடிந்தது. அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் சாப்பிடும்போது பிரெண்டா, "ஜெஸ்ஸ நீயே வச்சுக்கண்ணே" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. "கடைசிவரைக்கும் ஜெஸ் அவன் பக்கத்துலயே நின்னா பிரெண்டா. கால் நிமிஷம்கூட அசையல" என்றேன். நான் செய்த தப்பு அதுதான்.

அவள் அதை ஊரெல்லாம் சொல்லி அழுதாள். அடுத்த வாரம் மதுக்கடையில் கியர் பிக்கர்ஸ்கில் இருந்தான். வேட்டை நாய்ப் போட்டிகளுக்கு நடுவர், எங்கள் பக்கத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். பீர் கோப்பையைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தான்.

"ஆள் உடனே செத்துட்டான்னு டாக்டர் எழுதிருக்காரு. ஒன் நாய் நின்னுச்சுங்கற. செத்தவன்கிட்ட எதுக்குய்யா நிக்குது?"

நான் எழுந்து தொப்பியை எடுத்தேன்.

"பொய் நாய்" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. துக்க வீட்டுக்காரன் என்று என் தோளைத் தட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. போன சனிக்கிழமை நான்கு பேர் என் வாசலைத் தாண்டித்தான் ஃபெரெட் பெட்டிகளோடு போனார்கள். ஜெஸ் கதவருகே நின்று வாலாட்டினாள். அவர்களில் ஒருவன் அவளைப் பார்த்து, காலைத் தூக்கிச் சிலை மாதிரி நின்று காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு என்ன தெரியும், இன்னும் வேகமாக வாலாட்டினாள். நெவில் செத்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

அதனால்தான் பஸ் பிடித்து நானே வந்தேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, நீங்களும் படவில்லை, தெரியும். டாக்டர் எழுதியது தவறு. நெவில் அந்த மணலுக்கு அடியில் பதினான்கு நிமிடம் உயிரோடு இருந்தான். நான் மேலே நின்று அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் என்ன எழுதவேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நிமிடக் கணக்கைத் தெளிவாகப் போடுங்கள். பிக்கர்ஸ்கில்லுக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.