இரண்டு கீறல் டப்பா

காபிப் பொடியைக் காகிதப் பையிலேயே விட்டு வைத்தால் ஒரே மாதத்தில் வாசனை போய்விடும், குடித்தால் மண்ணைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும். தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். வீட்டில் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. நீங்கள் என்ன, கோப்பையைத் தொடவே இல்லையே. தைரியமாகக் குடியுங்கள். அதில் காபி மட்டும்தான் இருக்கிறது.

ரெஷாத் செத்ததைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரன், முப்பத்தைந்து வயது, டிராம் ஓட்டிக்கொண்டிருந்தவன். எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். நேற்று உங்கள் ஆட்கள் நான்கு பேர் வந்து தேடினார்கள். பாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற சோபாவுக்கு உள்ளே அரிசியும் பீன்ஸும் இருக்கின்றன. குளியல் தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினால் தண்ணீர்க் கேன்கள். கோட்டு மாட்டும் அலமாரிக்கு இரண்டு முதுகுப் பலகை. நடுவில் ஒரு முழம் இடம். உப்பு, எண்ணெய், மெழுகுவர்த்தி, பேட்டரி, மடக்குகிற தகர அடுப்பு எல்லாம் அங்கே. சர்க்கரை சோப்புத்தூள் பெட்டியில். வீட்டுக்கு வருகிறவன் சர்க்கரை தேடுவான், சோப்புத்தூள் எவன் தேடுவான். ஒரு கடையில் ஒரு பொட்டலத்துக்கு மேல் வாங்கினதில்லை. பைக்கு மேலே வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு நான் சூப்பு வைக்கப் போகிற கிழவி, அவ்வளவுதான்.

காபி டப்பாக்கள் அலமாரியின் இரண்டாம் முதுகில், மேல் தட்டில். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் கீறி வைத்திருப்பேன். ஒரு கீறல் என்றால் வெறும் காபி. இரண்டு கீறல் என்றால் மேலே நான்கு விரல் ஆழத்துக்குக் காபி, அதற்கு அடியில் பஞ்சு சுற்றிய மருந்து. விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், விரலால் தடவியே எடுப்பேன். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட மாறினதில்லை.

நான் சாமான் சேர்த்து வைப்பது ரெஷாதுக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் பையைப் பிடுங்கிக்கொள்வான். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

"என்ன அத்தை, இந்தக் கனம் கனக்குது? மறுபடி சண்டை வரப்போகுதா, இல்ல நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?"

"வாயை மூடிட்டு ஏறுடா. உன் டிராம் மாதிரியே சத்தம் போடாத."

"உங்க வீட்டு எலிக்கு ஆயுசு கெட்டி, அத்தை. எதுல வேணா சாகும், பட்டினில மட்டும் சாகாது."

அவன்மேல் எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. இதைத் தனியாக ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

சண்டையில் படை இந்த ஊரைச் சுற்றி வளைத்திருந்த முற்றுகைக் காலத்தில் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அந்த மூன்றரை வருடமும் இந்த ஊரில் புழங்கின ஒரே சொல் 'நேமா'. தண்ணீர் நேமா, கரண்டு நேமா, ரொட்டி நேமா. இல்லை என்று சொல்வதற்கு அதைவிடச் சின்னச் சொல் எந்த மொழியிலாவது இருக்குமா, தெரியவில்லை. கதவைப் பாதி திறந்து அதைச் சொல்லிவிட்டு மூடிவிடலாம்.

என் கணவர் ஹில்மோவுக்கு மூச்சிரைப்பு. வாயில் வைத்து அடிக்கிற பம்பு இருந்தால் எழுந்து நடமாடுவார், இல்லாவிட்டால் கரையில் கிடக்கிற மீன். இரண்டாம் குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பம்பு காலியானது. நான் இந்தக் கட்டடத்தில் பதினொரு கதவைத் தட்டினேன். பதினொரு நேமா. கடைசிக் கதவு பக்கத்து வீடு, ரெஷாதின் அம்மா ஷெஃபிகா. அவள் கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றவில்லை. மத்தியானம் ஹில்மோ போய்விட்டார். என் மடியில்தான்.

முற்றுகை முடிந்து வழி திறந்ததும் நான் வாங்கின முதல் பொருள் மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை. மூன்று பம்பு. தேதி முடிவதற்கு முன்னால் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிதாக மூன்று. எப்போதும் மூன்று. இரண்டு கீறல் டப்பாவில்.

ஏழு வருடம் கழித்து ஷெஃபிகா படுக்கையில் விழுந்தாள். எங்களில் சாகப் போகிறவர்கள் எப்படி விடை வாங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முனெவேரா, அன்னிக்கு என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ரெஷாதுக்கும் மூச்சுத் தொந்தரவு, உனக்குத் தெரியும்ல. அவனுக்குன்னு வச்சிருந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தா குடுத்துடுவேன்னுதான் சங்கிலியக் கழட்டல. என்னை ஹலால் பண்ணிடு."

"ஹலால், ஷெஃபிகா" என்றேன். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் கணக்குத் தீர்ந்தது. எங்கள் வழக்கம் அதுதான். அதனால் பழி, கிழி என்று எதையும் உங்கள் காகிதத்தில் எழுத வேண்டாம். பத்து நாள் யோசித்துப் பார்த்தேன், அவள் செய்தது சரிதான். கொடுத்திருந்தால் பதினாறு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்திருப்பாள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும். எனக்குக் கோபம் வரவில்லை, பாடம்தான் கிடைத்தது. சேர்த்து வைக்க எல்லோருக்கும் தெரியும். கையில் வைத்துக்கொண்டே நேமா சொல்லத் தெரிந்தவன்தான் பிழைக்கிறான்.

இந்தப் பிப்ரவரிப் பனியை நீங்களும் பார்த்தீர்கள். மூன்றாவது நாள் கார்களெல்லாம் புதைந்துபோய், எங்கள் மேட்டில் ஆம்புலன்ஸ் ஏறாது, மருந்துக்கடை திறக்காது. காலை பத்து மணி இருக்கும். கதவைத் தட்டுகிற சத்தம். ரெஷாதின் மனைவி ஸும்ரா, காலில் செருப்புகூட இல்லை.

"அத்தை, அவருக்குப் பம்பு தீர்ந்துபோச்சு. உதடெல்லாம் நீலமா வருது. ஆம்புலன்ஸ்காரன் பார்க்கலாம் பார்க்கலாம்ங்கறான். ஹில்மோ மாமாவோடது எதாச்சும் கிடக்குமா? பழசானாலும் பரவால்ல அத்தை, காலாவதி ஆயிருந்தாலும் பரவால்ல."

"நேமா" என்றேன்.

சங்கிலியைக் கழற்றித்தான் சொன்னேன். நான் ஷெஃபிகா இல்லை.

அவள் மேலே ஓடினாள். ஒவ்வொரு மாடியிலும் தட்டுகிற சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் அந்தச் சொல். கொஞ்ச நேரம் கழித்து நான் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவனை நிமிர்த்தி உட்காரவைத்தது நான்தான். ஜன்னலைத் திறந்துவிட்டேன். உதட்டைக் குவித்து மூச்சை விடச் சொல்லிக் கொடுத்தேன். ஹில்மோவோடு பதினான்கு வருடம் குடித்தனம் நடத்தினவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கை வலித்தது.

நடுவில் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். சொல் சொல்லாக வந்தது.

"உங்ககிட்ட... எல்லாம் இருக்குமே... அத்தை."

"எல்லாம் இருக்குடா கண்ணு. இது மட்டும் இல்ல."

அவன் அதை நம்பினானா என்று நீங்கள் கேட்டால், நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். சிரிக்கப் பார்த்தான். ஒன்றேமுக்காலுக்கு அடங்கிவிட்டான். கண்ணை நான்தான் மூடிவிட்டேன். முனெவேரா அத்தை இல்லையென்றால் ஸும்ரா என்ன பாடு பட்டிருப்பாளோ என்று கட்டடமே பேசிக்கொண்டது. இப்போது அதே வாய்கள் வேறு பேசுகின்றன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

என்னைப் பிடித்துக் கொடுத்தது ஒரு தட்டு. உங்கள் சட்டம் ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் ஸும்ரா செத்த வீட்டு அல்வா கிண்டி, நீல விளிம்புத் தட்டில் வைத்து எனக்கும் அனுப்பினாள். முதல் தட்டே எனக்குத்தானாம். பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பெண் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. முற்றுகையில்கூட நான் வெறும் தட்டைக் கொடுத்ததில்லை, ஒரு கட்டி சர்க்கரையாவது வைத்திருக்கிறேன். ஆனால் என் சமையலறையில் வெளியே ஒன்றும் இல்லை. பனி விழுந்த முதல் நாளிலிருந்தே, அவர்களைப்போல எனக்கும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று காட்டிக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காபி போட வேண்டுமே என்று நினைத்தேன். அலமாரிக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தேன், தட்டில் வைத்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். 'ஏது அத்தை' என்று ஸும்ரா கேட்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கரண்டியை உள்ளே விட்டிருக்கிறாள். கரண்டி முட்டியிருக்கிறது.

வந்து என் வாசலில் நின்றாள். உள்ளங்கையில் மூன்று பம்பு, விரல் இடுக்கெல்லாம் காபித் தூள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதுதான் அந்த நேமாவா, அத்தை?"

நீங்கள் இப்போது புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. "இருட்டுல கண்ணாடி இல்லாம எடுப்பேன்னு நீங்கதானம்மா இப்ப சொன்னீங்க. அன்னிக்கு மட்டும் எப்படி மாறிச்சு?" என்று கேட்கிறீர்கள். கை விறைத்திருந்தது. ஹீட்டர் வேலை செய்யவில்லை. மனிதக் கைதானே, ஒரு நாள் தவறாதா? மனசாட்சி என்று ஏதாவது எழுதினீர்களானால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தவறு, வெறும் தவறு. அந்த ஒரு தவறுக்குத்தான் நான் வெட்கப்படுகிறேன். மற்றதற்கு இல்லை.

ஸும்ரா கதவைத் தட்டினதற்கும் நான் அங்கே போனதற்கும் நடுவில் நாற்பது நிமிடம் இருக்கிறதே, அதில் என்ன செய்தேன் என்றும் கேட்டீர்கள். சொல்கிறேன். மேலே அவள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கீறல் டப்பாவை எடுத்தேன். இந்த மேசைமேல்தான் செய்தித்தாளை விரித்தேன். காபியைக் கொட்டினேன். பஞ்சைப் பிரித்தேன். மூன்றையும் ஜன்னலோரம் வைத்துத் தேதி பார்த்தேன். இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. ஒன்றைக் குலுக்கி, காற்றில் ஒரு அடி அடித்துப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது. அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மெல்லிசான சுவர். அப்புறம் மூன்றையும் பஞ்சில் சுற்றி, திரும்ப உள்ளே வைத்து, காபியைச் சிந்தாமல் அள்ளிப் போட்டு, டேப் ஒட்டினேன். செய்தித்தாளை மடித்து வைத்தேன். அதற்கெல்லாம் நேரம் ஆகுமா, ஆகாதா?

ஒன்றைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிறீர்கள். ஒன்றைக் கொடுத்தால், இருக்கிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் மெழுகுவர்த்தி கேட்டு ஒருத்தன், அரிசி கேட்டு ஒருத்தி. ஒரு வாரத்தில் இரண்டு முதுகு அலமாரி ஊருக்கே கடையாகிவிடும். கொடுக்கிறவளை வாழ்த்துவார்கள், அவள் காலியானதும் மறந்துவிடுவார்கள். அன்றைக்கு என்னைப் பதினொரு கதவுக்கு முன்னால் நிறுத்தினவர்களை எந்த இன்ஸ்பெக்டரும் போய்க் காபி குடித்து விசாரிக்கவில்லை. என் ஒரு கதவுக்கு மட்டும் கேஸா?

கடைசியாக நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. "ஷெஃபிகாவுக்காவது ஒரு பிள்ளை இருந்தான். உங்க வீட்ல ஆஸ்துமா யாருக்கும்மா?" என்று. யாருக்கும் இல்லை. நான் ஒருத்திதான். எனக்கு அறுபத்தாறு வயது, நான்கு மாடி நிற்காமல் ஏறுவேன். ஹில்மோ செத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், அவர் உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் இழுத்து வந்தவள் நான். ஆனால் அவருக்கு என்று வாங்கினது அது. இன்னொருத்தன் வாயில் வைக்க வாங்கினது இல்லை.

ஆமாம், என்னிடம் இருந்தது. ஆமாம், அவனுக்கு வேண்டியிருந்தது தெரியும். ஆமாம், இல்லை என்று சொன்னேன், அப்புறம் போய் அவன் முதுகைத் தடவினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கையெழுத்து எங்கே, இங்கேயா? சரி. காபி ஆறிவிட்டது, போகட்டும்.

ஒரே ஒரு விஷயம், தம்பி. நீங்கள் எடுத்துக்கொண்டு போன அந்த மூன்றையும் வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கட்டடத்தில் இனி என்னோடு யாரும் பேசப் போவதில்லை. நாளைக்கு எனக்கு ஓர் ஆபத்து என்றால் நான் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவேன்?