டிரில் மாஸ்டர் வீட்டுப் பையன்

"ஏங் கண்ணு, அந்த நாட்டுல யாருக்கும் ஓடத் தெரியாதா?"

குன்னத்தூரிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கேட்டது இது. பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள், மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு. கேட்டவர் உள்ளூர்க்காரர், வயதில் மூத்தவர். மற்றவள் தெற்கத்திப் பெண். அவள் புருஷன் ஆப்பிரிக்காவில் டிரில் மாஸ்டராம்.

"ஓடத் தெரியும்க்கா. பள்ளிக்கூடத்துல வெளையாட்டுப் பீரியடுதான் கெடையாதாம். எங்க வீட்ல அவியதான் போயி மொதமொதல்ல ஆரம்பிச்சாவ. இப்ப அந்த நாடு முழுக்க இருக்கு."

"புள்ளைங்க ஆடறதுக்கு ஏரோப்ளேன்ல ஒரு வாத்தியாரா? எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதை இங்கயே செய்யலாமல்ல?"

"செஞ்சாவளே. இங்க அவிய பீரியடு வந்தா கணக்கு சாரு வந்து, பீரியடை எனக்குக் குடுங்கன்னு நின்னுக்கிடுவாராம். அந்த வெறுப்புலதான் போனாவ."

"அதுஞ்செரி. அப்ப உன்ற பையன் நல்லா ஓடுவானாட்ட இருக்குது?"

"எங்கக்கா? அவனுக்கு வெளையாட்டுப் பீரியடே இல்ல."

"ஏன், பள்ளிக்கூடத்துல உடறதில்லையா?"

"அவங்க விடுதாங்க. நாந்தான் போயி, அந்தப் பீரியடையும் கணக்குக்கே எடுத்துக்கிடுங்க சாருன்னு சொல்லிட்டு வந்தேன். பத்தாவது படிக்கான்லா?"



"இது உன்ற ஊட்டுக்காரருக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியாம என்னக்கா? போன லீவுக்கு வந்தப்ப, அந்தக் கணக்கு சாருட்டயே டியூஷனுக்கும் சேத்துவிட்டுட்டுத்தான் ப்ளேன் ஏறுனாவ."