நிலாவெளி பஸ்ஸில் ஒரு விமானி

"ஆளில்லாத கதிரையளுக்கும் நான் அறிவிப்புச் சொல்லுறனான், அக்கா."

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்படிச் சொன்னதும் காது கொடுத்தேன். அவர் விமானி. பக்கத்தில் மீன் பையோடு இருந்த பெண் அவருடைய பழைய அயலவர், பஸ்ஸில்தான் சந்தித்திருக்கிறார்கள்.

"பெரிய பிளேனோ, தம்பி?"

"சின்ன ஜெட். முதலாளிமார் ஆறு பேர் போகலாம். ஓட்டுறது நான் தனிய. கை வைச்சாலே திரும்பும், அவ்வளவு இலேசு. முகிலுக்கு மேலை ஒரு குலுக்கமும் இல்லை. அவையை இறக்கிப்போட்டு வெறுமையாத் திரும்பேக்கைதான் ஒரு மாதிரி."

"அப்ப என்ன சொல்லுவீங்கள்?"

"இந்தப் பக்கத்தாலை போனால், 'இடப்பக்கம் தெரியிறது திருகோணமலைத் துறைமுகம், என்ரை ஊர்' எண்டு சொல்லுவன்."

தன் தரிப்பிடம் வந்ததும் அந்தப் பெண் எழுந்தார்.

"இறங்குங்கோ தம்பி. வீட்டை சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"ஏலாது அக்கா. என்னோடை வந்த முதலாளிமார் நிலாவெளி ஹோட்டலிலை நிக்கினம். கூப்பிட்டால் உடனே வெளிக்கிடவேணும்."

"உங்கடை அம்மா உயிரோடை இருந்திருந்தால் இறங்கியிருப்பீங்கள், என்ன?"

அதில் கோபம் இருக்கவில்லை.

"ஓம்," என்றார் அவர்.

பஸ் வெளிக்கிட்ட பிறகும், வீதியோரம் நின்ற அந்தப் பெண்ணைக் கண்ணுக்கு மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.