நாள் சொல்லாத ‘வரேன்’

நிறைந்த அவையை நிமிர்ந்த நெஞ்சோடு நடத்திக்கொண்டிருக்கும் கூட்டத் தலைவர் அவர்களே! நரை கண்டும் திரை கண்டும் நடையில் தளர்வு காணாத பெரியோர்களே! பெற்ற பிள்ளைக்கு மட்டுமன்றிப் பிறர் பிள்ளைக்கும் பரிந்து பேசும் தாய்மார்களே! வேலை முடிந்த களைப்போடு வீட்டுக்குக்கூடப் போகாமல் விரைந்து வந்திருக்கும் தோழர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்டதால் எழுந்து போக மனமில்லாத புத்திசாலிகளே! உங்கள் அனைவருக்கும் தெருமுனை மருந்துக்கடைக்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

மருந்துக்கடைக்காரியை மேடையேற்றினால் மாத்திரை அளவுக்குப் பேசிவிட்டு இறங்கிவிடுவாள் என்று தலைவர் நம்பிவிட்டார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது.

அவையோரே! இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒரு வீட்டைப் பற்றி முடிவாக வேண்டும். அந்த வீட்டில் ஒரு முதியவர் தனியாக இருக்கிறார். அங்கேயே இருக்க ஆசைப்படுகிறார். இருப்பாரா, அல்லது வீட்டைப் பூட்டிவிட்டு அவரை வெளியூருக்கு அழைத்துப் போய்விடுவார்களா? விடை தெரியாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. அவருடைய மகள் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

அந்த முதியவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எதைச் சொன்னாலும் ‘ரைட்!’ என்று முடிப்பதால் தெருவில் அவருக்கு ரைட் அய்யா என்றே பெயர். இரத்த அழுத்த மாத்திரைக்கு என் கடைக்குத்தான் வருவார். முழு அட்டையாக வாங்க மாட்டார். தினம் ஒரே ஒரு மாத்திரை. அதை நான் கத்தரியால் வெட்டித் தர வேண்டும். எனக்கோ எரிச்சல். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“என்னங்கய்யா, அட்டையோட வாங்கிட்டுப் போனா என்ன? தினமும் எதுக்கு இந்த அலைச்சல்?”

அவர் சிரித்தார். “அட்டையோட வாங்கிட்டா நாளைக்கு நான் எங்கம்மா போவேன்?” என்றார்.

மாத்திரை வாங்க வந்தவரா அவர்? மனித முகம் பார்க்க வந்தவர்! மருந்து கேட்க வந்தவரா? மறுமொழி கேட்க வந்தவர்! காய்ச்சலுக்கு என் கடையில் மருந்துண்டு. கைகால் குடைச்சலுக்குத் தைலமுண்டு. தூக்கம் வராவிட்டால் மருத்துவர் சீட்டோடு வாருங்கள், அதற்கும் உண்டு. பேச ஆளில்லை என்று ஒருவர் வந்து நின்றால், எந்த அலமாரியைத் திறந்து எதை எடுத்துக் கொடுப்பேன்? எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தே அழுதேன்.

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் வருகைக் குழு. தனியாக வாழும் பெரியவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போக வேண்டும், உட்கார வேண்டும், பேச வேண்டும். அவ்வளவுதான். அறிவுரை கிடையாது. பழக்கூடை கிடையாது. கூட நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது அறவே கிடையாது. என்ன, அந்தப் பக்கம் சிரிப்பு? படம் எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இந்த நிலையில் ரைட் அய்யா மாடிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் போகலாம். கீழே இறங்க முடியாது. தினம் ஒரு மாத்திரைக்கு நடந்தவருக்கு நானே முழு அட்டையையும் கொடுத்தனுப்ப வேண்டி வந்தது.

அவரைப் பார்க்க எங்கள் குழுவிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் போனார். நல்ல மனிதர், நாலு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை சிரிப்பாகவே இருக்கும். உட்கார்ந்தார், பேசினார், சிரிக்க வைத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, “சரிங்கய்யா, அப்ப நான் வரேன்” என்றார்.

தவறா? நம்மில் எவர்தான் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டை விட்டு இறங்குவோம்? போகும்போதும் வருகிறேன் என்று சொல்லிப் போவது நம் மொழியின் அழகு! அந்த அழகு அன்று ஒரு மனிதரை அறுத்துவிட்டது.

மறுநாள் ரைட் அய்யா முகம் மழித்துக்கொண்டார். தேய்த்த சட்டை போட்டார். கதவைத் திறந்துவைத்து, எதிரெதிராக இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது இது. நம் கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. வாரம் ஒருமுறை என்பதுதானே ஏற்பாடு? அடுத்த வாரம் மலர்ந்த முகத்தோடு போனார். கதவு சாத்தியிருந்தது.

“யாரு?”

“நான்தாங்கய்யா, கண்ணாடிக் கடை.”

“வரேன்னு சொன்ன ஆளா? அந்தாளு வரவே இல்லியே. நீங்க வேற யாரோ. போங்க.”

“ஐயோ, அது கிளம்பும்போது சும்மா சொல்றதுங்கய்யா!”

“சும்மா சொல்றதுன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேரு வந்து போற வீட்ல அது சும்மா. என் வீட்ல அது சும்மா இல்ல. வராத பஸ்ஸுக்கு ஏன்யா போர்டு மாட்டுறீங்க? ஸ்டாப்புல நிக்கிறவன் பாவம் இல்லியா?”

கதவு திறக்கவே இல்லை. சமைத்து வைக்க வந்த பெண்ணைக்கூட அவர் உள்ளே விடவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்துப் பாலைப் பருகச் செய்யப் பக்கத்து வீட்டார் பட்ட பாடு கொஞ்சமல்ல.

உடனே கூடியது எங்கள் குழு! எங்கள் செயலாளர் இதோ என் பின்னால் அமர்ந்திருக்கிறார். சூட்டோடு சூடாக ஒரு தீர்மானம் போட்டார். ‘இனிமேல் எவரும் வரேன் என்று சொல்லக் கூடாது. போறேன் என்றே சொல்ல வேண்டும். பொய் வாக்குக் கூடாது.’ ஆகா! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எப்படித் தொடங்கும் என்று கேட்டால், இப்படித்தான் தொடங்கும்.

தீர்மானம் போட்டவரே முதலில் போனார், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் வீட்டுக்கு. பேசி முடித்து எழுந்தார். “அம்மா, நான் போறேன்” என்றார். அந்த அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“என்ன பேச்சு பேசுற? உனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இல்ல? வரேன்னு சொல்லு!”

“சொல்லக் கூடாதும்மா. குழுவுல தீர்மானம்.”

“தீர்மானமாவது மண்ணாவது! உக்காரு. சொல்ற வரைக்கும் வெளிய விட மாட்டேன்.”

அங்கிருந்து எனக்குத் தொலைபேசி வருகிறது. “அக்கா, தீர்மானத்த வாபஸ் வாங்குங்க. நான் வீட்டுக்குப் போகணும்!”

சிரியுங்கள், சிரியுங்கள், செயலாளரும் சிரிக்கிறார். ஆனால் அந்த நர்ஸ் அம்மா தொலைபேசியைப் பிடுங்கி என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். “வரேன்னு சொல்றதுல என்னம்மா தப்பு? எப்பன்னு சொல்லாததுதான் தப்பு. கூட ஒரு கிழமைய சேத்துச் சொன்னா உங்க வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?”

அன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரே சட்டம்தான். நாள் சொல்லாத ‘வரேன்’ செல்லாது! கிழமை சொல்லாத வாக்கு வாக்கல்ல! சொன்னால் வர வேண்டும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி மூன்று மாடி ஏறினார். சாத்திய கதவைப் பார்த்து, “அய்யா, வியாழக்கிழமை சாயங்காலம் வரேன்” என்றார். வியாழக்கிழமை போனார். கதவு திறக்கவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து தெருவில் நடந்ததையெல்லாம் கதவுக்குச் சொன்னார். “அடுத்த வியாழக்கிழமை வரேங்கய்யா” என்று எழுந்தார். அடுத்த வியாழனும் போனார். கதவோடு பேசுகிற பைத்தியம் என்று கட்டடமே சிரித்தது. மனிதர் அசரவில்லை. பிறகு ஒரு வியாழன், அடைமழை, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். சொட்டச் சொட்ட நனைந்து மேலே போகிறார். கதவு விரியத் திறந்திருக்கிறது. வாசலில் நடைவண்டியைப் பிடித்தபடி, தோளில் ஒரு துண்டோடு ரைட் அய்யா நிற்கிறார்.

“லேட்டு” என்றார். “சரி, தலையத் தொவட்டிக்க. உள்ள வா. ரைட்!”

ஆமாம், இதற்குக் கைதட்டலாம். அவருக்காகத் தட்டுங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லையே! அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் பிழைப்புக்காகக் கடையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். போன வியாழனே அவருடைய கடைசி வியாழன். அதைக் கேள்விப்பட்டுத்தான் மகள் ஓடி வந்திருக்கிறார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“அப்பாவ இங்கேர்ந்து பிடுங்கிட்டுப் போக எனக்கு ஆசையாக்கா? நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிட்டா அங்கயும் அவரு தனியாத்தான் கிடப்பாரு. சாப்பாட்டுக்கு ஆள் வச்சுட்டேன், மருந்துக்கு ஆள் வச்சுட்டேன். பேச்சுக்கு எங்க ஆள் வைக்கிறது? வியாழக்கிழமை நின்னுபோனா மறுபடி கதவச் சாத்திக்குவாரு. இன்னொரு பட்டினிய அந்த உடம்பு தாங்காது. தவறாம ஒருத்தர் வருவாங்கன்னு சொல்லுங்க, நான் வீட்டப் பூட்டல.”

நாளை வியாழக்கிழமை, அவையோரே!

பொருள் கேட்டா வந்தேன்? பொழுது கேட்டு வந்தேன்! பொன் கேட்டா வந்தேன்? பேச்சுத்துணை கேட்டு வந்தேன்! ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இந்தத் தேருக்கு ஊரே வேண்டாம், ஒருவர் போதும். அந்த ஒருவர் யார்? என்ன, மறுபடி தட்டுகிறீர்களா? கைதட்டல் மூன்று மாடி ஏறாது. கால்தான் ஏற வேண்டும்.

சொல்லுங்கம்மா. முட்டி வலியா? நீங்கள் உட்காருங்கள், உங்களை விட்டுவிட்டேன். சுவரோரம் நிற்பவர் என்ன சொல்கிறார்? முயற்சி செய்கிறாராம். ஐயா, முயற்சி என்று ஒரு கிழமை எங்கள் வீட்டு நாள்காட்டியில் இல்லை. தலைவர் அவர்களே, துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டாம். நேரம் முடிந்தது எனக்கும் தெரியும். நான் நிற்பேன். நீங்கள் விளக்கை அணைத்தாலும் நிற்பேன்.

யாரது? மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில்? மைக் செட் அண்ணனா? என்ன அண்ணே, சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். “வியாழக்கிழமையில எனக்குக் கூட்டம் அமையறது இல்லம்மா. நான் போறேன்” என்கிறார்.

இந்த ‘போறேன்’ மட்டும் எனக்குச் சம்மதம்!

இருங்கள், மகள் எழுந்து அவரிடம் ஏதோ கேட்கிறார். “திடீர்னு ஒரு வியாழக்கிழமை கூட்டம் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவர் என்ன சொல்கிறார்? “முதல் நாளே அய்யாகிட்ட வந்து சொல்லி, வேற கிழமை வாங்கிக்குவேன். மைக் கட்டுறவன் சொன்ன நேரத்துக்கு வரலைன்னா கூட்டமே ஊமைம்மா. வந்தே பழகிட்டேன்” என்கிறார்.

அம்மா, உங்கள் பதில்? தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கட்டும்.

“பூட்டல” என்கிறார்!

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் தொண்டை வறளக் கத்தினேன். பொறுமையோடு இடம் தந்த தலைவருக்கும், சிரித்த முகத்தோடு என் கேலியைத் தாங்கிய செயலாளருக்கும், செவி தந்த சபைக்கும், சொல் தந்த அண்ணனுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. அண்ணே, இங்கே நிற்காதீர்கள். இப்போதே இந்த மகளோடு போய் அய்யாவிடம் முகத்தைக் காட்டி, எத்தனை மணிக்கென்று அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியை நானே அணைத்துவிடுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.

எந்தப் பொத்தான் அண்ணே? சிவப்பா?