ரெண்டாம் வருஷத்து அறை

– …அப்புறம் மூணாவது மாடிக்காரி பொண்ணு இருக்காளே, அவ புள்ளியியல்ல மறுபடியும் கோட்டை விட்டுட்டா. அவங்கம்மா என்னடான்னா லிஃப்ட்ல நின்னுக்கிட்டு, என் பொண்ணு ஆராய்ச்சிக்குப் போகப் போறாங்கறா. நான் வாயே திறக்கல. நமக்கெதுக்கு வம்பு.

– கையைக் கொஞ்சம் தூக்குங்கக்கா.

– தூக்கறேன். உண்மையைத் தொண்டையில வச்சுக்கிட்டே லிஃப்ட்ல மூணு மாடி வந்தேன் பாரு, அதுக்கே எனக்கு ஒரு மெடல் குடுக்கணும்.

– யார்கிட்டயும் சொல்லலையா?

– உன்கிட்ட சொன்னேன். வாசல் காவல்காரர்கிட்ட சொன்னேன். அவர் கணக்குல வர மாட்டார், அவருக்குக் காது மந்தம்.

– அசையாதீங்க, ஊசி இருக்கு. தோள் ரெண்டு பக்கமும் இறங்கிக் கிடக்கு. யார் அளவுக்குத் தச்ச கோட்டு இது?

– யாருக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துல எல்லாருக்கும் ஒரே அளவுதான். உடம்பை அதுக்குத் தகுந்த மாதிரி நாமதான் வளத்துக்கணும் போல. திங்கக்கிழமைலேர்ந்து இதை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கணுமாம். மாணவர் உதவி மையத்துல இத்தனை வருஷமா மேஜைக்குப் பின்னாடி உக்காந்து, பாட உதவியா இடது பக்கம் போ, வேலை வழிகாட்டியா வலது பக்கம் போன்னு கை காட்டிட்டிருந்தவ நான்.

– பதவி உயர்வாக்கா?

– கால் வலி உயர்வு.

– திரும்புங்க. அந்த டிரைவர் வீட்டுப் பையன் என்ன ஆனான்?

– சும்மா சொல்லக்கூடாது, தேறிட்டான். போன பருவம் வரைக்கும் கணக்குன்னாலே கழிப்பறைக்கு ஓடுவான். மேல் வகுப்புப் பொண்ணு ஒருத்தி வாராவாரம் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா. இப்ப கணக்கைவிட அந்தப் பொண்ணைத்தான் ஜாஸ்தி படிக்கறான், அது வேற கதை. நாலாவது மாடி பேங்க்காரர் பையன் சத்தமில்லாம பாடத்தையே மாத்திக்கிட்டான். அப்பா இன்னும் அவனை இன்ஜினீயர்னு கூப்பிட்டுட்டு இருக்கார், பாவம். வீட்டுக்குத் தெரியாதது எல்லாம் எனக்குத் தெரியும் தங்கச்சி. என்ன செய்ய, என் மேஜை அப்படி.

– என் பையன்?

– ம்?

– என் பையனைப் பத்தி ஒண்ணும் சொல்லலையேக்கா.

– அவனுக்கென்ன, ராஜா. இந்தக் காலர் கழுத்தை அறுக்குதே, பாரேன்.

– காலரை அப்புறம் பாக்கலாம்.

– இங்க பாரு, மையத்துல ஒரு விதி இருக்கு. மாணவர் விஷயத்தை வெளியில சொல்லக்கூடாது. பெத்தவங்களா இருந்தாலும் சரி. எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க.

– மூணாவது மாடிப் பொண்ணு மாணவி இல்லையா?

– அது வந்து…

– டிரைவர் பையன்? பேங்க்காரர் பையன்? இந்தக் கட்டடத்துலேர்ந்து அங்க போற அத்தனை பிள்ளைங்க வண்டவாளத்தையும் இந்தத் தையல் மேஜை மேலதான் கொட்டியிருக்கீங்க. விதி என் பிள்ளைக்கு மட்டும்தானா?

– ஆ! குத்திட்டியே!

– நீங்க அசைஞ்சீங்க.

– கழட்டிடு இதை. நாளைக்கு வர்றேன். அடுப்புல ஏதோ வச்சுட்டு வந்த ஞாபகம்.

– முதுகெல்லாம் ஊசி. இழுத்தீங்கன்னா கோட்டும் போச்சு, முதுகும் போச்சு. அப்படியே நில்லுங்க. நீங்க வாயை மூடினா எனக்கு பயமா இருக்குக்கா. இந்தக் கட்டடத்துல எந்த வீட்டுல எது உடைஞ்சாலும் முதல் சத்தம் உங்க வாயிலேர்ந்துதான் வரும். நீங்களே பேசாம இருக்கீங்கன்னா, சொல்ல முடியாத அளவுக்கு ஏதோ ஒண்ணு.

– அட, ஏன் இப்படி விபரீதமா யோசிக்கறே?

– ஏதாவது பொண்ணு விஷயமா?

– அவனுக்கா? பேனா கேட்டு வர்ற பொண்ணுகிட்டயே தரையைப் பாத்துக்கிட்டு நீட்டுவான்.

– கெட்ட சகவாசமா?

– அவன் சகவாசமே நான்தான். நீயே முடிவு பண்ணிக்கோ.

– அப்ப தினமும் பாக்கறீங்க.

– …பிடிச்சுட்டே. சரி, சொல்றேன், ஊசியைக் கீழ வை. தினமும் வர்றான். காலையில நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே படியில நிப்பான். போதுமா?

– எங்க உக்காருவான்?

– ரெண்டாம் வருஷத்து அறையில. அது எதுக்குன்னு தெரியுமா? முதல் வருஷப் பசங்களுக்கு பலூன் கட்டி வரவேற்பு. கடைசி வருஷப் பசங்களுக்கு கம்பெனி, நேர்காணல், டை கட்டிக்கிட்டு போட்டோ. ரெண்டாவது வருஷம்னா வீட்டுல நடுப்பிள்ளை மாதிரி. சாப்பிட்டியா, தூங்கினியான்னு ஒருத்தர் கேக்கறதில்ல. நிறைய பேர் அங்கதான் சத்தமில்லாம காணாமப் போறாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சு யாருக்கோ உறைச்சிருக்கு. உடனே ஒரு அறை, நாலு மேஜை, பாதி நாள் ரிப்பேர்ல கிடக்கற ஒரு காபி மெஷின்.

– டப்பாவைத் திறந்து சாப்பிடறானா?

– சாப்பிடறான். முட்டை வச்ச அன்னைக்குப் பாதியை எனக்குத் தந்துடுவான். உப்பு கொஞ்சம் தூக்கல், சொல்லணும்னு நினைச்சேன்.

– படிக்கறானா?

– மத்தவங்களைப் படிக்க வைக்கறான்.

– அப்படின்னா?

– வேலை வழிகாட்டி மேடம் பசங்களுக்கு நேர்காணல் பயிற்சி குடுப்பாங்க. ஆள் பத்தலன்னா இவனைத்தான் அதிகாரி நாற்காலியில உக்கார வைப்பாங்க. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கிட்டு, உங்க பலவீனம் என்ன, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேப்பான் பாரு, எதிர்ல இருக்கறவனுக்கு வேர்த்துக் கொட்டும். ஒருத்தன் நிஜமாவே அழுதுட்டான். அப்புறம் இவனே தண்ணி குடுத்து, முதுகைத் தடவி, இதை இப்படிச் சொல்லணும், அதை அப்படிச் சொல்லணும்னு தேத்திவிட்டான். அழுத பையனுக்கு ஒரு நல்ல இடத்துல பயிற்சி வேலை கிடைச்சுது. மிட்டாய் வாங்கிட்டு வந்தான்.

– இவனை யாராவது கேட்டாங்களாக்கா?

– எதை?

– அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு.

– கேட்டா எழுந்து போயிடுவான். நேர்காணலுக்கு இரவல் குடுக்கற கோட்டெல்லாம் ஒரு கம்பியில தொங்கும். அதை அடுக்கறேன்னு போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான்.

– சாயங்காலம் வந்து பாடமெல்லாம் சொல்லுவான். நேத்து கப்பல் சரக்குக்கு எப்படிக் காப்பீடு பண்றாங்கன்னு சொன்னான். நான் கைவேலையை நிறுத்திட்டுக் கேட்டுட்டிருந்தேன்.

– அது பக்கத்து மேஜையில சொல்லிக் குடுக்கறது. காதுல வாங்கிக்கிட்டு வந்திருப்பான்.

– பக்கத்து மேஜையில. அவனுக்குச் சொல்லிக் குடுக்கல.

– அப்படி இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா…

– அக்கா, அவன் அங்க மாணவனே இல்லைன்னு எனக்குத் தெரியும்.

– ஐயோ!

– அசையாதீங்க. ஊசியெல்லாம் நடுங்குது.

– நான் சொல்லல! சத்தியமா நான் சொல்லல! காவல்காரரா?

– யாரும் சொல்லல. ஒரு நாள் நல்ல மழை. குடையை விட்டுட்டுப் போயிட்டான். எடுத்துக்கிட்டுப் போனேன். வகுப்பு வாசல்ல ஒரு டீச்சரம்மாகிட்ட அவன் பேரைச் சொன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. அப்புறம், அவர் ரெண்டாவது வருஷத்துக்குச் சேரவே இல்லையேம்மான்னாங்க. 'அவர்'னு மரியாதையா சொன்னாங்க பாருங்க, யாரோ வெளியாளைச் சொல்ற மாதிரி.

– அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் டப்பா கட்டி, மாடிப்படி வரைக்கும் வந்து, கவனமா படிப்பான்னு சொல்லி அனுப்பறே?

– ஆமா.

– அந்த வசனத்தை நானும் என் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன். ஒரு பிசிறு இல்ல. உன் முன்னாடி நானெல்லாம் ஒண்ணுமே இல்ல தாயே. ஏன் கேக்கல அவனை? உக்கார வச்சு ரெண்டு கேள்வி…

– அவங்கப்பா கண்ணை மூடின அதே வாரம்தான் அவனுக்கு முதல் வருஷப் பரீட்சை. ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் அலைஞ்ச பிள்ளை பரீட்சைக்கு எங்க போவான்? பின்னாடி எழுதிக்கலாம்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. அதுக்கும் போகல. செவுத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தான்.

– நீயும்தான் இந்த அறையில படுத்திருந்தே. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கினதுதான் மிச்சம். தையல் மெஷின் மேல தூசி இவ்வளவு கனத்துக்கு. இந்தப் பொம்பளை அவ்வளவுதான்னு அப்பவே காவல்காரர்கிட்ட சொன்னேன்.

– அவரும் என்கிட்ட சொன்னார்.

– காது மந்தம், வாய் மட்டும் எட்டூருக்கு நீளம்.

– அப்புறம் ஒரு நாள் காலையில சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான். காலேஜ் திறந்துட்டாங்கம்மா, டப்பா கட்டுங்கறான். அவன் தலை சீவி எத்தனை நாளாச்சு தெரியுமா? நான் பதறிப்போய் எழுந்து அடுப்பைப் பத்த வச்சேன்.

– அது பொய்னு தெரிஞ்சப்புறமும் கேக்கலையே.

– ராத்திரி பூரா யோசிச்சேன்கா. கேட்டா உண்மையைச் சொல்லிடுவான், அவனுக்குப் பொய் நிக்காது. சொல்லிட்டு? மறுநாள் காலையில அவன் எதுக்கு எழுந்திருக்கணும்? திரும்பவும் செவுத்துப் பக்கம் படுத்துட்டான்னா, அவனை இழுத்து உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்ல. பொய்யோ நிஜமோ, குளிக்கறான், படி இறங்கறான், பசியோட வீட்டுக்கு வர்றான். அது நின்னுடக்கூடாதுன்னு விட்டுட்டேன். ஆனா நாள் பூரா எங்க போறான்னு தெரியாம வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். எந்தப் பாலத்து மேல நிக்கறானோன்னு. அதான் உங்களைக் கோட்டோட பிடிச்சு வச்சுக் கேட்டேன்.

– பாவி, முன்னாடியே கேட்டிருக்கலாம்ல. அவன்தான், அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மான்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். என் வாழ்க்கையிலேயே நான் காப்பாத்தின ஒரே ரகசியம் இதுதான்.

– இன்னும் காப்பாத்துங்க. நான் வேற எதுவும் கேக்கல. அவனை உள்ள உக்கார விடுங்க. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம்.

– அதுதான் முடியாது தங்கச்சி.

– ஏன்க்கா?

– இந்தக் கோட்டு எதுக்குன்னு நினைச்சே? திங்கக்கிழமைலேர்ந்து வாசல்ல மெஷின். மாணவர் அட்டையை வச்சாத்தான் கதவு திறக்கும். அவன் அட்டை முதல் வருஷத்தோட செத்துப்போச்சு. அட்டை இல்லாதவங்களைத் திருப்பி அனுப்பத்தான் என்னை அங்க நிக்க வைக்கறாங்க. இத்தனை நாள் நான் கண்ணை மூடிக்கிட்டேன். மெஷினுக்குக் கண்ணை மூடத் தெரியாதே.

– வேற வழியே இல்லையா?

– ஒண்ணு இருக்கு. பேர் சொல்லாம மேடம்கிட்ட கேட்டுப் பாத்தேன். விட்ட பரீட்சையை எழுதிட்டா ரெண்டாவது வருஷத்துல சேத்துக்குவாங்களாம். பாடம் சொல்லிக் குடுக்க ஆள் இருக்கு, அதுக்குத்தானே மையமே. ஆனா அவனே போய், நான் இங்க மாணவன் இல்லைன்னு மேடம் முகத்தைப் பாத்துச் சொல்லணும்.

– சொல்ல மாட்டான்.

– நேத்து கேட்டுட்டேன். எல்லாரும் போனப்புறம் அந்தக் கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டிருந்தான். டேய், திங்கக்கிழமை உன்னை நானே திருப்பி அனுப்பற மாதிரி வச்சுடாதே. மேடம்கிட்ட சொல்லு. அதுக்கு முன்னாடி வீட்டுல அம்மாகிட்ட சொல்லிடுன்னேன்.

– ஐயோ, எதுக்குக்கா? என்ன சொன்னான்?

– அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மான்னான். இப்ப நீ உன் வாயால சொல்ற வரைக்கும் நான் அதை நம்பல.

– …என்னது?

– மழை அன்னைக்கு மையத்து ஜன்னல் வழியா பாத்தானாம். நீ வகுப்புக் கட்டடத்துலேர்ந்து வெளியில வந்தியாம். கையில குடை இருந்தும் விரிக்காம, பஸ் நிறுத்தம் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே போனியாம். அப்பவே புரிஞ்சுபோச்சாம்.

– தெரியுமா? அவனுக்குத் தெரியுமா? அப்புறம் எதுக்குக்கா? நான் ஏமாறலைன்னு தெரிஞ்சும், எதுக்குத் தினமும் சட்டை மாட்டிக்கிட்டு, டப்பாவைத் தூக்கிக்கிட்டு…

– நானும் அதைத்தான் கேட்டேன்.

– என்ன சொன்னான்? ஏன் அந்தப் பக்கம் திரும்பறீங்க? சொல்லுங்க, எதையும் முழுங்காதீங்க.

– நான் கிளம்பலன்னா அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க பெரியம்மான்னான்.