குடத்தில் இருந்த கீறல்

எண்பதுகளில் ஒரு காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ். என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் கண் கூசும்படி பளபளக்கும் எவர்சில்வர் குடம்.

"பிளேன் மேல இத்தினியூண்டு கீறல் இருந்தாலும் எங்க சூப்பர்வைசர் விடமாட்டாரு," என்றார் அவர்.

"அது கீறல் இல்லீங்க. எங்கம்மா பேரு."

பெங்களூரில் விமானத்தின் மேல்தகட்டைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது அவர் வேலை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. லீவில் வந்தவர், மனைவி கழனிக்குப் போயிருந்த நேரத்தில், அவள் சந்தோஷப்படட்டும் என்று குடத்தை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்.

"வெட்டியிருந்த பேரு கண்ணுக்குத் தெரியலியா?"

"நாங்க கண்ண நம்பமாட்டோம்மா. கையத்தான் ஓட்டுவோம். கை எங்க தட்டுதோ அங்க தேய்ப்போம். பழக்கம்."

"கல்யாணத்துக்குக் குடுத்தாங்க. இப்ப அவங்களும் இல்ல."

அவர் குடத்தையே பார்த்தார்.

"பாத்திரக் கடையில திரும்ப வெட்டச் சொல்லலாம்."

"எந்த எடம்னு காட்டறது? எல்லாம் ஒரே வழவழனு கெடக்குது."

அவர் குடத்தை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"இங்க ஆரம்பிச்சுது. இதோ, இங்க முடிஞ்சுது. கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேல ஏறியிருந்துச்சு."

"ஆமா," என்றாள் அவள். "ஏறித்தான் இருக்கும்."

அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்தவள், பஸ் ஸ்டாண்டு வரும்வரை எடுக்கவில்லை.