முதல் வரியில் ஒரு வாழ்த்து

கணினியின் கட்டளைவரிக் கருவிகளைக் கட்டிக்காக்கும் சங்கத்தின் தலைவர் அவர்களே, கறுப்புத் திரையில் கண்ணைத் தொலைத்த மூத்தோர்களே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் நிரல் எழுதும் தாய்மார்களே, கை தூக்கத் தயாராக வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். தோற்கப்போவது தெரிந்தே பேச வந்திருக்கிறேன்.

நம் வரிசைப்படுத்தும் கருவி என்ன செய்தது? பெயர்களைக் கொடுத்தால் அடுக்கியது, அடுக்கியதை அடுத்த கருவியிடம் கொடுத்தது, வாயைத் திறக்கவில்லை. உயிரில்லை, உறவில்லை, உபசாரமில்லை என்றீர்கள். போன வருடம் இதே மண்டபத்தில் ஒரு வசதியைச் சேர்த்தீர்கள். அன்றிலிருந்து அது தரும் பட்டியலின் முதல் வரியில் 'வாழ்த்துகள்' என்று எழுதுகிறது. அப்பப்பா, எத்தனை கைதட்டல்!

ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் அந்தக் கருவி நோயாளிகளின் பெயர்களை அடுக்கியது. இன்னொரு கருவி பெயருக்கு நேரே முடிவை ஒட்டியது. வாழ்த்து முதல் வரியில் ஏறி உட்கார்ந்ததால் பெயர்களெல்லாம் ஒரு வரி கீழே இறங்கின, முடிவுகள் இறங்கவில்லை. 'வாழ்த்துகள்' என்ற நோயாளிக்குச் சர்க்கரை அதிகம் என்று வந்தது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், அதே பட்டியலில் என் அக்காவின் பெயரைப் பார்க்கும் வரை.

அக்காவுக்கு வந்தது அடுத்தவருடைய முடிவு. சாதாரணக் கட்டிதான் என்றார்கள். வீடே தலைகால் புரியாமல் ஆடியது. "பொழச்சுக்கிட்டேன்டா தம்பி" என்று போனில் அழுதாள். தவறைக் கண்டுபிடித்து அவளைத் திரும்ப அழைப்பதற்குள் புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டது.

முன்வரிசைத் தம்பி குரல் கொடுக்கிறார். வாழ்த்தை நிறுத்த ஒரு வசதி சேர்க்கத்தானே இன்றைய தீர்மானம் என்கிறார். ஆமாம் தம்பி, வாயை மூட இன்னொரு வாய் வைக்கிறீர்கள். வாழ்த்தையே எடுத்துவிடலாம் என்று நான் திருத்தம் கொண்டுவந்தால், பழகிப்போனவர்கள் கோபிப்பார்களாம். தெரிந்தவன் நிறுத்திக்கொள்வான், தெரியாத கூடத்தில் யார் நிறுத்துவது? நாளை எந்த வீட்டுப் போன் அடிக்கும்? யாரிடம் முறையிடுவேன்? கேட்கிற காது இந்த மண்டபத்தில் உண்டா? எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

காலையில் கிளம்பும்போது அக்கா படுக்கையிலிருந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வரிய இன்னிக்கு எடுத்துருவீங்கல்ல?"

எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோரையும் கும்பிட்டு இறங்குகிறேன். தலைவர் அவர்களே, வாக்கெடுப்பை நடத்துங்கள். எடுத்துவிடச் சொல்லும் கைகளை எண்ணும்போது என் அக்காவின் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளால் தூக்க முடியவில்லை.